பிறப்புச் சான்றிதழின் மறுபிரவேசம்

திருநர் அரசியலைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு புது ஆசாரம் சேர்ந்திருக்கிறது. ஒருவரைத் திருநங்கை, திருநம்பி என்று அறிமுகப்படுத்தினால் போதாதாம். ஆங்கிலத்திலிருந்து வந்த ஏஃபேப், ஏமேப் என்ற சுருக்கெழுத்துகளையும் ஒட்ட வேண்டுமாம். முன்னது பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டவரைச் சொல்கிறது, பின்னது ஆண் எனக் குறிக்கப்பட்டவரை. எல்லோரையும் அரவணைக்கும் மொழி இதுதான் என்று அடித்துச் சொல்கிறார்கள். என் வாசிப்பு வேறு. திருநர் சிந்தனை பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டி வாசலுக்கு வெளியே தள்ளிய பிறப்புச் சான்றிதழ், இந்த எழுத்துகளின் முதுகில் ஏறி நடுக்கூடத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

முன்கதையைச் சுருக்கமாகவே தாண்டலாம். ஹாரி பெஞ்சமின் 1966இல் மருத்துவரின் கண்கொண்டு எழுதியது, ஜானிஸ் ரேமண்ட் 1979இல் பெண்ணியத்தின் பெயரால் திருநங்கைகள்மீது கக்கிய நஞ்சு, அதற்கு சாண்டி ஸ்டோன் எழுதி 1991இல் அச்சேறிய அபாரமான பதில், இவையெல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்தவை. பாலினக் கோட்பாட்டாளர் ஜூடித் பட்லரை நாம் தேவைக்கு மேலேயே மேற்கோள் காட்டியாயிற்று. லெஸ்லி ஃபெயின்பெர்க்கின் 1992ஆம் ஆண்டுச் சிறுவெளியீட்டின் முன் மட்டும் சற்று நிற்கலாம். உடலை மாற்றிக்கொண்டவர், மாற்றிக்கொள்ளாதவர், உடையால் மட்டும் மீறியவர் என எல்லோரையும் ஓர் அரசியலுக்குள் அழைத்தது அது. உள்ளே வர யாரும் பிறந்த கதையை ஒப்புவிக்க வேண்டியிருக்கவில்லை.

'குறிக்கப்பட்ட' என்பதற்கு மருத்துவமனை வரலாறு ஒன்று உண்டு. 1950களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் மணியும் அவருடைய சகாக்களும் இடைப்பாலினக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, பாலைக் குறித்துக் கொடுப்பது மருத்துவர் எடுக்கும் முடிவு என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். அந்த முடிவுக்கு ஏற்றபடி பிஞ்சு உடலை வெட்டித் திருத்தும் வழக்கமும் அங்கிருந்து வேரூன்றியது. 1993இல் ஷெரில் சேஸ் வட அமெரிக்காவில் தொடங்கிய இடைப்பாலினர் சங்கம் அதைத்தான் எதிர்த்தது. குறித்தது யார், யாரைக் கேட்டுக் குறித்தார்கள் என்ற கேள்வி அப்போது ஒரு குற்றச்சாட்டாக இருந்தது. சுருக்கெழுத்தானதும் மருத்துவர் நழுவிப் போய்விட்டார். அவர் செய்த காரியம் மட்டும் குழந்தையின் இயல்பாக, ஆயுளுக்கும் மாறாத ரத்த வகைபோல, ஒட்டிக்கொண்டது.

நான் நின்று வாசிக்க விரும்புவது 2000த்தையொட்டிய சில ஆண்டுகளை. மிச்சிகன் பெண்கள் இசைவிழா 1976இல் தொடங்கி 2015 வரை ஆகஸ்டுதோறும் நடந்தது. பெண்களே மேடை கட்டி, பெண்களே சமைத்து, பெண்களே காவல் இருந்த அந்த வாரத்தை ஏளனமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. பலருக்கு அது வாழ்வில் முதன்முறையாகப் பயமில்லாமல் நடந்த மண். ஆனால் பெண்ணாகப் பிறந்த பெண்களுக்கு மட்டுமே அனுமதி என்று சொல்லி 1991இல் ஒரு திருநங்கையை அங்கிருந்து வெளியேற்றினார்கள். எதிர்ப்பாக, வாயிலுக்கு எதிரே கேம்ப் டிரான்ஸ் என்ற முகாம் எழுந்தது. 2000இல் ஒரு சமரசம் முன்வைக்கப்பட்டது. அறுவைசிகிச்சை முடித்த திருநங்கைகளை மட்டும் உள்ளே விடலாமே என்றார்கள். அதைச் சொன்னவர்களில் திருநங்கைகளும் இருந்தார்கள் என்பதுதான் வேதனை.

இங்கேதான் எமி கொயாமா வருகிறார். ஜப்பானில் பிறந்து, அமெரிக்காவின் போர்ட்லண்டில் இயங்கிய இடைப்பாலினச் செயற்பாட்டாளர். நம் கருத்தரங்குகளில் அவர் பெயர் ஒலிப்பதேயில்லை, பட்லருக்கு இருக்கும் பேராசிரியர் பட்டம் அவருக்கு இல்லாததாலோ என்னவோ. அறுவைசிகிச்சைக்குப் பணம் வேண்டும், அமெரிக்காவில் அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது என்று அவர் கேட்டார். அந்தச் சமரசம் ஏழைகளையும் வெள்ளையரல்லாதவர்களையும் கதவுக்கு வெளியே நிறுத்தும் என்று நேராகவே எழுதினார். அடுத்து வந்த அவருடைய திருநர் பெண்ணிய அறிக்கை இரண்டே கொள்கைகளில் நிற்கிறது. தன் அடையாளத்தைத் தானே வரையறுக்கும் உரிமை ஒன்று, தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை மற்றொன்று.

திருநங்கைகள் சிலர் ஆணாக வாழ்ந்த காலத்தில் ஆணுக்குரிய சலுகைகளை அனுபவித்திருக்கக்கூடும் என்பதைக் கொயாமா மறைக்கவில்லை. அதை யோசித்துப் பார்க்கச் சொல்கிறார். கூடவே, அந்தச் சலுகைக்கு அவர்கள் கொடுத்த விலையையும் சொல்கிறார். பிறப்பை அவர் அழிக்கவில்லை, பலவற்றுள் ஒன்றாக வைக்கிறார், அவ்வளவுதான். தன் அறிக்கை திருநங்கைகளையே மையமாக்கிவிட்டது, திருநம்பிகளும் பிற திருநரும் ஓரமாகிவிட்டார்கள் என்று பின்குறிப்பில் தானே எழுதியிருக்கிறார். இந்த நேர்மையைப் பின்னால் வந்தவர்களிடம் அதிகம் காண முடியவில்லை.

2007இல் ஜூலியா செரானோ இதே வழியில் இன்னும் தூரம் போனார். உயிரியலாளர் என்பதாலோ என்னவோ, உயிரியலைக் காட்டி மிரட்டுகிறவர்களிடம் அவருக்குப் பயமில்லை. பெண்மையின் மீதான இளப்பமும் திருநர் மீதான வெறுப்பும் ஒருசேரத் திருநங்கைமேல் விழுவதை அவர் தனியே பிரித்துக் காட்டினார். ஆண்மையை நோக்கிப் போகிறவர்களைக் கொஞ்சம் இளகிய மனத்தோடு ஏற்கும் பெண்கள் வெளிகள், பெண்மையை நோக்கி வருகிறவரை ஏன் சந்தேகத்தோடு பார்க்கின்றன என்று கேட்டார். அந்தக் கேள்வி எதிரணிக்கு மட்டுமானதல்ல, திருநர் சமூகத்துக்குள்ளேயும் எறியப்பட்டது.

பிறகு வந்த பத்தாண்டுதான் எனக்கு எரிச்சல். மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரி 2014இல் அறிவித்த சேர்க்கைக் கொள்கையைப் பாருங்கள். அன்று அது முற்போக்கின் உச்சம் என்று கொண்டாடப்பட்டது, திருநங்கைகளுக்குக் கதவைத் திறந்த வகையில் அந்தக் கொண்டாட்டம் நியாயமும்கூட. ஆனால் விண்ணப்பிக்கத் தகுதியுள்ளவர்களின் பட்டியல் முழுக்கப் பிறப்பை வைத்துத்தான் தொடங்கியது. பெண்ணாகப் பிறந்தவர் தன்னை ஆண் என்றாலும், இரண்டுமில்லை என்றாலும் உள்ளே வரலாம். ஆணாகப் பிறந்து, இந்த இரண்டுக்குள் அடங்காதவர் என்பவரோ, அந்த அடையாளத்துக்குள் பெண்ணும் இருந்தால்தான் வரலாம். மிச்சிகன் வாயிலில் கேட்ட அதே கேள்வி, குரல் மட்டும் மென்மை. இதில் திருநம்பிக்கும் பெருமை ஒன்றுமில்லை. ஆண் என்று தன்னைச் சொல்பவரைப் பெண்கள் கல்லூரி அட்டியில்லாமல் ஏற்கிறதென்றால், அவர் சொன்னதை அது நம்பவில்லை என்றுதானே ஆகிறது?

இந்தச் சிக்கலைத் தீர்க்க டிஎம்ஏ, டிஎம்இ என்று புதிய இணை ஒன்று வந்தது. திருநங்கை வெறுப்புக்கு ஆளாகிறவர், ஆளாகாதவர் என்ற பிரிவினை. அனுபவத்தை அளக்க வந்த கோல் அது. நடைமுறையில் பலர் அதை ஏமேப், ஏஃபேப் என்பதற்கு மாற்றுப் பெயராகவே புழங்குகிறார்கள். சுற்றி வந்து சுப்பர் கொல்லைதான்.

மருத்துவத்துக்காவது இந்தச் சொற்கள் வேண்டாமா என்பார்கள். வேண்டியதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குத் தேவையான கேள்வி, கருப்பைவாய் இருக்கிறதா என்பது. அதை அகற்றிக்கொண்ட திருநம்பிக்கு 'பிறப்பில் பெண்' என்ற முத்திரை வீண் அலைச்சலைத் தரும். யோனி அமைக்கும் அறுவைசிகிச்சையில் புரோஸ்டேட்டைப் பொதுவாக எடுப்பதில்லை, ஆகவே அந்தத் திருநங்கையிடம் கேட்க வேண்டியது புரோஸ்டேட்டைப் பற்றி. உறுப்பைக் கேட்டால் விடை கிடைக்கும். பிறப்பைக் கேட்டால் கிடைப்பது ஊகம். எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் என்ன என்பதையும் அந்தச் சுருக்கெழுத்து சொல்லாது.

நம் பக்கம் திரும்பினால், நன்னூல் நினைவுக்கு வருகிறது. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுகிறவரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுகிறவரைப் பெண்பாலிலும் பவணந்தி வைக்கிறார். விட்டது எது என்பதை விட அவாவுவது எது என்பதே அவருக்கு அளவுகோல். அவரைப் புரட்சியாளராக்கிவிட வேண்டாம், இருவரையும் அஃறிணைபோலவும் சொல்லலாம் என்று கையோடு சேர்த்தும்விடுகிறார். ஆனாலும் பிறப்பையே இறுதி விடையாக்கும் இன்றைய அகராதியைவிட அந்தச் சூத்திரம் ஓரடி முன்னே நிற்கிறது.

கொயாமாவை இங்கே படிக்க வேண்டிய காரணம் இலக்கணத்தைவிட அவசரமானது. அறுவைசிகிச்சையைக் கட்டாயமாக்குவது ஒழுக்கக்கேடு, சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2014 நால்சா தீர்ப்பில் சொன்னது. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமோ மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்தால் திருநர் என்று ஒரு சான்றிதழ் தந்தது. ஆண் என்றோ பெண் என்றோ பதிய வேண்டுமானால் அறுவைசிகிச்சைக்குப் பிறகு இரண்டாம் முறை விண்ணப்பிக்க வைத்தது. மிச்சிகனில் 2000இல் பேசப்பட்ட அதே சமரசம். அதைக் கொயாமா எந்த வாதத்தால் உடைத்தாரோ, அதே வாதம் இங்கேயும் வரிக்கு வரி பொருந்தும், இனத்தின் இடத்தில் சாதியை வைத்து வாசித்தால்.