வெட்டுப்படும் தாளம்

திரையில் நாம் பார்க்கும் கிளப் காட்சிகளில் பெரும்பாலானவை சத்தமில்லாத அரங்கில் எடுக்கப்பட்டவை. நடிகர்களின் வசனம் தெளிவாகப் பதிவாக வேண்டும் என்பதற்காக இசையை நிறுத்திவிடுவார்கள். பின்னால் நிற்கும் துணை நடிகர்கள் காலடிச் சத்தம்கூடக் கேட்காதபடி ஆட வேண்டும். அவர்களுடைய தாளம் தப்பாமலிருக்க மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரு துடிப்பை மட்டும் ஒலிக்கவிட்டு, பிறகு ஒலிக்கலவையின்போது அதை நீக்கிவிடும் வழக்கமும் உண்டு. பாட்டு கடைசியாகத்தான் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் பல படங்களில் ஸ்பீக்கரில் ஒரு வேகம் ஓட, கூட்டம் வேறொரு வேகத்தில் குதிக்கிறது. காது கிழியும் இடத்தில் இருவர் நூலகத்தில் பேசுவதுபோலப் பேசிக்கொள்கிறார்கள்.

இதைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. எலக்ட்ரானிக் நடன இசையைப் பற்றிய படங்களின் அடிப்படைக் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. ஹவுஸ், டெக்னோ போன்ற இசை வகைகள் நீளத்தையும் திரும்பத் திரும்ப வருதலையும் நம்பியே நிற்கின்றன. நிமிடத்துக்கு 120, 125, 130 என்று சீராக விழும் அடி. அதன் மேல் ஒரு பேஸ் சுழற்சி. ஐந்து நிமிடம் கழித்து ஒரு சிறு கைத்தட்டல் ஒலி உள்ளே வருகிறது. கேட்டுக்கொண்டே ஆடியவருக்கு அந்தக் கைத்தட்டல் பெரிய நிகழ்ச்சி. புதிதாக நுழைந்தவருக்கு அது ஒன்றுமேயில்லை. கோயில் கொடையில் உருமி ஒரே அடியை விடாமல் அடித்து, நள்ளிரவுக்கு மேல் ஒருவருக்கு அருள் வரும்போது, அந்தக் கணம் அதுவரை ஓடிய மணிநேரங்களால் ஆனது என்பதை அங்கே நின்றவர் அறிவார். கடைசி முப்பது வினாடியை மட்டும் காட்டினால் அதில் என்ன இருக்கும்? சினிமா பெரும்பாலும் அந்த முப்பது வினாடியைத்தான் காட்டுகிறது. பாட்டு உச்சத்துக்குப் போகும் இடம், கைகள் மேலே எழும் இடம், உடனே வெட்டு, அடுத்த காட்சி. பாடல் உரிமைக் கட்டணமும் இதற்கு ஒரு காரணம். ஒரு கிளப் படத்துக்குப் பத்து, இருபது பாடல்களின் உரிமை வேண்டும் என்றால் சிறிய தயாரிப்பாளர் திணறிப்போவார்.

இந்த வகைப் படங்களில் பலரும் முதலில் சொல்லும் பெயர் 1999இல் வந்த 'ஹ்யூமன் டிராஃபிக்'. ஜஸ்டின் கெரிகன் இருபதுகளின் நடுவில் இருந்தபோது இயக்கிய படம். வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஐந்து நண்பர்கள், பிடிக்காத வேலை, வெள்ளி இரவு முதல் ஞாயிறு வரை ஒரு வார இறுதி. அவ்வளவுதான் கதை. போதை மாத்திரை எடுத்துக்கொள்ளும் இளைஞர்களை அது சாகடிக்கவில்லை, சிறையில் தள்ளவில்லை, திருத்தவும் இல்லை. அன்றைய பிரிட்டனில் அது துணிச்சல். மாத்திரையின் மயக்கம் இறங்கியபின் வரும் சந்தேகங்களையும் வெறுமையையும் மறைக்காமல் காட்டியது அதைவிட நேர்மை. ஆனால் படம் பேசிக்கொண்டே இருக்கிறது. நண்பர்களில் ஒருவனான ஜிப் நம்மைப் பார்த்துப் பேசுகிறான், மற்றவர்களின் எண்ணங்கள் ஓடுகின்றன, கற்பனைக் காட்சிகள் குறுக்கே வருகின்றன. டிஜே பீட் டாங் தேர்ந்தெடுத்த அருமையான பாடல்கள் இந்தப் பேச்சுக்குப் பின்னால் தோரணமாகத் தொங்குகின்றன. கிளப்புக்குப் போகும் ஆசையைப் படம் அற்புதமாகச் சொல்கிறது. போய்ச் சேர்ந்த பிறகு அங்கே என்ன நடக்கிறது என்பதில்தான் அதற்குப் பொறுமை இல்லை.

இன்னொரு பெரிய வழக்கம், டிஜேயை நாயகனாக்குவது. 'இட்ஸ் ஆல் கான் பீட் டாங்' (2004) இபிசா தீவில் புகழின் உச்சியில் இருக்கும் டிஜே செவித்திறன் இழப்பதைச் சொல்கிறது. 'பெர்லின் காலிங்' (2008) படத்தில் நிஜ இசைக்கலைஞரான பால் கால்க்பிரென்னரே நடித்திருக்கிறார். கெட்டுப்போன மாத்திரையால் மனநல மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்தபடியே ஆல்பத்தை முடிக்கும் இசைக்கலைஞன் வேடம். 'வி ஆர் யுவர் ஃப்ரெண்ட்ஸ்' (2015) ஸாக் எஃப்ரானை லாஸ் ஏஞ்சலஸின் புறநகரிலிருந்து மேடைக்கு ஏற்றுகிறது. ஏறுவான், விழுவான், எழுவான். குத்துச்சண்டை வீரனுக்கும் ராக் பாடகனுக்கும் தைத்த சட்டையையே டிஜேக்கும் மாட்டிவிடுகிறார்கள். இவற்றில் முதல் இரண்டுக்கும் உயிர் இருக்கிறது. பீட் டாங் படத்தில் காது போனவன் ஒலியின் அதிர்வை உடம்பால் வாங்கக் கற்றுக்கொள்ளும் பகுதி, நடன இசை முதலில் தோலிலும் வயிற்றிலும் விழுகிறது என்ற உண்மையைத் தொடுகிறது. கால்க்பிரென்னர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓர் ஒலியைத் தேடி உட்கார்ந்திருக்கும் காட்சிகளில் நடிப்பே இல்லை. வேலை தெரிந்தவரின் கை அது. மூன்றாவது படத்தில், நிமிடத்துக்கு 128 அடி வந்தால் கூட்டத்தின் இதயமே வசப்படும் என்று நாயகன் ஒரு நீச்சல்குளக் கொண்டாட்டத்தில் விளக்குகிறான். கூட்டத்தை விசை தட்டினால் ஓடும் இயந்திரமாகப் பார்க்கும் பார்வை அது. அமெரிக்காவில் 2,000க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் வெளியாகியும் கூட்டம் வரவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

டிஜேயை நடுவில் வைப்பதால் வரும் இழப்பு பெரியது. இந்த இசை வளர்ந்த ஆரம்ப இடங்கள் பலவற்றில் டிஜே ஓர் ஓரத்தில், சில சமயம் கண்ணுக்கே தெரியாத கூண்டில் நின்றார். ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கேமரா மேடையைப் பார்த்துத் திரும்பியதும் ஆடுகிறவர்கள் வெறும் கைகளாகிவிடுகிறார்கள்.

மைக்கேல் விண்டர்பாட்டத்தின் '24 ஹவர் பார்ட்டி பீப்பிள்' (2002) இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகுகிறது. மான்செஸ்டரின் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் இசை நிறுவனமும் ஹசியெண்டா கிளப்பும் அதன் களம். அவற்றின் பின்னால் நின்ற டோனி வில்சனாக ஸ்டீவ் கூகன். 1982இல் திறந்து 1997இல் மூடிய ஹசியெண்டா, கூட்டம் நிரம்பி வழிந்த காலத்திலும் பணம் பார்க்கவில்லை. மாத்திரை போட்டவர்கள் மதுவுக்குப் பதில் தண்ணீர் கேட்டார்கள். மாத்திரை விற்ற கும்பல்கள் வாசலில் துப்பாக்கியோடு வந்தன. ஒரு பண்பாட்டின் பொருளாதாரத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்ன கிளப் படம் வேறில்லை. படப்பிடிப்புக்காகக் கிளப்பின் உட்புறத்தை ஒரு கிடங்கில் மறுபடி கட்டி, ஓர் இரவு நிஜ கிளப்பாகவே நடத்தினார்கள். பழைய டிஜேக்கள் வந்து இசைத்தார்கள். அந்தக் கூட்டம் நடிக்கவில்லை என்பது திரையில் தெரிகிறது. ஆயினும் படத்தின் பாதி உயிர் ஜாய் டிவிஷன் குழுவிடம், அதாவது பாடகரும் கிதாரும் கொண்ட பழைய உலகத்திடம் இருக்கிறது. நடனத் தளத்துக்கு வரும்போது கதைக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிடுகிறது.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் படம் மியா ஹான்சன்-லவ் இயக்கிய 'ஈடன்' (2014). டிஜேயாக இருந்த தன் அண்ணன் ஸ்வென்னோடு சேர்ந்து அவர் எழுதிய திரைக்கதை. 1992இல் பாரிஸில் தொடங்கி 2013 வரை நீள்கிறது. பால் என்ற இளைஞன் நண்பனோடு சேர்ந்து 'சியர்ஸ்' என்ற பெயரில் கராஜ் இசை இரவுகள் நடத்துகிறான். நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பிலிருந்து பெயர் பெற்ற, கறுப்பினப் பாடகர்களின் குரல் ததும்பும் இசை அது. பக்கத்திலேயே இரண்டு கூச்ச சுபாவக்காரர்கள் ஒரு வீட்டு விருந்தில் தங்கள் புதுப் பாட்டைப் போடுகிறார்கள். அவர்கள்தான் பின்னாளில் டாஃப்ட் பங்க். உலகம் அறிந்த பிறகும், தலைக்கவசத்தோடே மேடையேறும் அவர்களின் நிஜ முகம் யாருக்கும் தெரியாததால், கிளப் வாசலில் அவர்களை நிறுத்திவைக்கிறார்கள். படம் அவர்களைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. ஜெயிக்காத பாலிடமே தங்கிவிடுகிறது.

இங்கே ஹான்சன்-லவ் செய்தது நுட்பமானது. ஹவுஸ் இசையின் அமைப்பையே கதையின் அமைப்பாக்கிவிட்டார். இன்னொரு இரவு, இன்னொரு காதலி, அம்மாவிடம் இன்னொரு முறை கடன், கொஞ்சம் கொக்கெய்ன், மறுபடி ஓர் இரவு. எதுவும் மாறாததுபோல் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு சிறு ஒலி கூடுகிறது அல்லது குறைகிறது. இரண்டு மணிநேரம் கழித்துப் பார்த்தால் இருபது ஆண்டுகள் போயிருக்கின்றன. நடிகர் ஃபெலிக்ஸ் த ஜிவ்ரியின் முகம் கடைசிவரை அப்படியே இருப்பதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. இரவில் மட்டும் வாழ்ந்தவனுக்கு வயதானது தெரியாமல் போயிருக்கிறது. பாட்டுகளும் மூச்சுவிடும் நீளத்தில் ஓடுகின்றன. டாஃப்ட் பங்க் தங்கள் பாடல்களை மிகக் குறைந்த கட்டணத்துக்குத் தந்ததும் இதற்கு உதவியது. படத்தின் பலவீனம் பெண்களிடம் இருக்கிறது. காதலிகள் வருகிறார்கள், அவனுக்காகக் காத்திருக்கிறார்கள், குழந்தை பெற்று வேறு வாழ்க்கைக்குப் போகிறார்கள். அவர்களில் யாருக்காவது இந்த இசை என்னவாக இருந்தது என்று படம் கேட்பதே இல்லை. ஒரு பெண் இயக்கிய படத்திலேயே இப்படி இருப்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பிரிட்டனுக்குத் திரும்பினால் 'பீட்ஸ்' (2019). கீரன் ஹர்லியின் நாடகத்தை பிரையன் வெல்ஷ் படமாக்கினார். ஸ்காட்லாந்து, 1994, இரண்டு பள்ளித் தோழர்கள். அந்த ஆண்டு பிரிட்டிஷ் அரசு இயற்றிய குற்றவியல் சட்டம், திறந்தவெளியில் இரவில் நூறு பேரோ அதற்கு மேலோ கூடி இசைக்கு ஆடுவதைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. எந்த இசை என்று வரையறுக்கும் இடத்தில், திரும்பத் திரும்ப ஒலிக்கும் அடிகளைக் கொண்ட ஒலி என்று சட்டப் பிரிவே எழுதிவைத்தது. இதை எதிர்த்து ஆட்டெக்கர் என்ற இருவர் குழு எந்த இரண்டு தாளச் சுற்றும் ஒன்றுபோல் இல்லாத ஒரு பாட்டை வெளியிட்டது. அரசு ஓர் இசையின் இலக்கணத்தையே குற்றமாகப் பார்த்த காலம் அது. 'பீட்ஸ்' கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. பையன்கள் ரேவ் என்னும் நடனக் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கதை ஒதுங்கி நிற்கிறது; ஆட்டம் நிமிடக்கணக்கில் தொடர்கிறது; வண்ணங்களும் வடிவங்களும் திரையில் வெடிக்கின்றன. அந்தப் பகுதி என்னை முழுதாக இழுத்துக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் வரும் குடும்பக் காட்சிகள், முரட்டு அண்ணன், போலீஸ்கார மாற்றாந்தந்தை எல்லாம் ஏற்கெனவே பார்த்த பிரிட்டிஷ் படங்களிலிருந்து நடந்துவந்தவை.

கிளப் படம் என்று யாரும் பட்டியலிடாத ஒரு படம்தான் என் கணக்கில் முதலிடம். ரோபின் கம்பியோவின் '120 பீட்ஸ் பர் மினிட்' (2017), தொண்ணூறுகளின் தொடக்கத்துப் பாரிஸில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய ஆக்ட் அப் அமைப்பைப் பற்றியது. கம்பியோவும் அதில் உறுப்பினராக இருந்தவர். காரசாரமான கூட்டங்களுக்கும் மறியல்களுக்கும் நடுவே அந்த இளைஞர்கள் கிளப்பில் ஆடுகிறார்கள். ஆர்னோ ரெபோதினியின் ஹவுஸ் இசை. ஒரு காட்சியில் விளக்கொளியில் மிதக்கும் தூசி மெல்லப் பெரிதாகி, உடலுக்குள் இருக்கும் செல்களாக மாறுகிறது. இருட்டில் ஆடும் உடம்பும் நோயோடு போராடும் உடம்பும் ஒன்றே என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் காட்டிவிடுகிறார். டிஜே யாரென்றே தெரியாது. அவர்கள் ஏன் ஆடுகிறார்கள் என்று மட்டும் தெரிகிறது. படத்தின் பெயரே ஹவுஸ் இசையின் வேகம்.

ஸ்டீவ் மெக்வீனின் 'லவர்ஸ் ராக்' (2020) எலக்ட்ரானிக் இசைப் படமில்லை. 1980இல் லண்டனில் கரீபியக் குடும்பங்கள் வீட்டிலேயே நடத்திய ரெக்கே இரவு அது. பிரிட்டனின் நடன இசை ஸ்பீக்கர்களை அடுக்கி சவுண்ட் சிஸ்டம் நடத்திய அந்த வீடுகளுக்கு நிறையக் கடன்பட்டிருக்கிறது என்பதால் சேர்க்கிறேன். ஜேனட் கேயின் பாட்டு முடிந்து இசைத்தட்டு நின்ற பிறகும் ஆடுகிறவர்கள் நிமிடக்கணக்கில் தாங்களே பாடிக்கொண்டு ஆடுகிறார்கள். மெக்வீன் அவசரப்பட்டு அடுத்த காட்சிக்கு வெட்டவில்லை. தொடக்கத்தில் சொன்ன சத்தமில்லாத அரங்கத்துக்கு நேர் எதிரான இடம் அது.

கடைசியாக வரலாறு. ஹவுஸ் இசை, சிகாகோவில் 1977இல் தொடங்கிய வேர்ஹவுஸ் கிளப்பில், ஃப்ராங்கி நக்கிள்ஸ் இசைத்த இரவுகளிலிருந்து வளர்ந்தது. அங்கே ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வழிவந்த தன்பாலீர்ப்பாளர்கள். டெக்னோ, டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற கறுப்பின இளைஞர்களின் கையில் உருவானது. நான் இங்கே எழுதிய எலக்ட்ரானிக் இசைக் கதைப்படங்களின் மைய நாயகர்கள் அனைவரும் வெள்ளையர்கள். 'ஈடன்' மட்டும் நன்றியோடு நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் போய் டோனி ஹம்ஃப்ரீஸ் போன்ற டிஜேக்களைத் திரையில் காட்டுகிறது. அங்கேயும் அவர்கள் விருந்தினர்கள்தான். மேடை ஏறி விழும் டிஜே கதையில் அவர்களுக்கு இடமில்லாமல் போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வேறெங்கும் நுழைய முடியாதவர்கள் விடியும்வரை ஒன்றாக இருப்பதற்காக உருவான இசைக்குத் தனிமனித வெற்றிக் கதை ஒத்துவராது. அந்த வரலாற்றைத் தேடுகிறவர் ஆவணப்படத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஜோசெல் ராமோஸ் எடுத்த 'மாஸ்ட்ரோ' (2003), 1992இல் 38 வயதில் இறந்த டிஜே லாரி லெவனையும் அவருடைய பாரடைஸ் கராஜையும் நினைவுகூர்கிறது. படப்பதிவு கரடுமுரடானது, தொகுப்பு தாவித் தாவிச் செல்கிறது. ஆனாலும் அதில் பேசுகிறவர்களில் பலர் அந்தத் தரையில் ஆடியவர்கள். எந்தப் பாட்டுக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வேர்ஹவுஸைப் பற்றி ஒரு கதைப்படம் எடுக்க நினைக்கும் இயக்குநர் அவர்களிடமிருந்து தொடங்கலாம். டிஜே கூண்டுக்குள் கேமராவை வைக்க வேண்டிய தேவையே இருக்காது.