இரு பியானோவும் ஒரு தோடியும்

நூற்றுக்கு மேற்பட்ட கலைஞர் கூடி வாசிக்கும் சிம்பொனி ஒன்றை இரண்டு பியானோக்களுக்குள் அடக்க இயலுமா? இயலும் என்பதை மேனாட்டார் பன்முறை காட்டியுள்ளனர். இசைத்தட்டும் வானொலியும் தோன்றாத நாளில், பேரிசைக்குழு எட்டிப் பாராத ஊரினர் சிம்பொனிகளை அறிந்தது பெரும்பாலும் இவ்வகைச் சுருக்கங்களால்தான்.

உருசிய இசையாசிரியர் சோஸ்தகோவிச்சின் நான்காம் சிம்பொனி இதற்குத் தக்க சான்று. 1936இல் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோதே அது நிறுத்தப்பட்டது. பின்னர்ப் போர்க்காலத்தில் மூலப்படியும் காணாமற் போயிற்று. அவரே அமைத்த இரு பியானோச் சுருக்கம் 1946இல் முந்நூறு படிகளாக அச்சேறி, பாட்டைச் சாகாமற் காத்தது. ஒவ்வொரு கருவிக்குமுரிய ஏடுகள் கிடைத்தபின் முழுவடிவம் மீட்கப்பெற்று, 1961 டிசம்பர் 30ஆம் நாள் மாஸ்கோவில் அரங்கேறிற்று.

இதனையொத்த முயற்சி தமிழகத்தில் அதற்கு நெடுநாள் முன்பே நிகழ்ந்தது. சென்னை அரசு அலுவலர் ஏ. எம். சின்னசாமி முதலியார் தியாகராசர் கீர்த்தனைகளை மேனாட்டு ஐங்கோட்டுக் குறியீட்டில் எழுதி, 'ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்' என்ற பெயரில் 1892, 1893ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்டார். பாடல்களைத் தந்துதவியவர் வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதர். தியாகராசரின் மாணவர் வேங்கடரமண பாகவதரின் மைந்தர்.

சிம்பொனியைச் சுருக்குமிடத்து இழப்பது கருவிகளின் நிறம். சுரங்கள் இடம் பெயர்வதில்லை. இங்கோ சுரமே நின்ற புள்ளியன்று. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்க. குரலில் அது மேலுங் கீழும் அசைந்தே காந்தாரமாகிறது. பியானோக் கட்டையிலோ அடித்த இடத்தில் நின்றுவிடும். நூறு பேர் இசை இரு பியானோவுள் அடங்க, ஒருவர் குரல் ஒரு பியானோவுள் அடங்க மறுப்பது விந்தையே! (சபாக் வட்டாரத் தோட்டக் கோயில்களில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசித்தோர் இதனை நூலின்றியே அறிவர். அகில இந்திய வானொலி 1940 முதல் பல்லாண்டு அக்கருவியை விலக்கி வைத்ததும் இதுபற்றியே.) பாலுசாமி தீட்சிதர் கைக்கொண்ட வயலின் அவ்வாறன்று, விரல் வழுக்கி ஓட அதில் இடமுண்டு. ஆதலின் மேனாட்டுக் கருவி என்பது குற்றமன்று. கட்டைகள் வகுத்த வரம்பே தடை.

அவ்வாறாயின் முதலியார் உழைப்பு வீணோ? அன்று. பாட்டைக் கேட்டறியாதவர்க்கு அந்நூல் எலும்புக்கூடே. கேட்டறிந்தவர்க்கோ, 1847இல் மறைந்த தியாகராசரின் பாடாந்தரத்துக்கு இரு தலைமுறைக்குள் எழுந்த சான்று. எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் தம் குடும்பச் செல்வத்தை எழுத்தில் வடிக்க இசைந்ததும் முதலியாரின் வற்புறுத்தலால்தான். அவ்வாறு பிறந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி', சுரத்தின் அசைவுகளுக்குத் தனித்தனிக் குறிகளுடன் 1904இல் தெலுங்கெழுத்தில் அச்சேறியபோது அவர் உயிருடன் இல்லை.

அதன் தமிழ்ப் பதிப்பைச் சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் 1983 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. முதலியார் நூலும் 1982இல் தில்லியில் மறுபதிப்புப் பெற்றது. ஆர்வமுடையோர் ஓர் இராகத்தை எடுத்து இரண்டிலும் தேடிப் பார்க்கலாம்.