அன்றாடத்தின் உருவம்: ‘முற்றுப்பெறாத தோம்பு’ பற்றிய ஒரு நோக்கு

கலைஞன் தனது படைப்புக்கு வேண்டிய ஊற்றினை அன்றாட வாழ்விலேயே தேடல் வேண்டும் என்னுங் கூற்று ஈழத்துத் தமிழ் விமரிசனத்திற்குப் புதியதன்று. 1950களிலும் 1960களிலும் மண்வாசனை இலக்கியம் பற்றி நிகழ்ந்த விவாதங்கள் அதனை ஒரு கோட்பாடாகவே நிலைநிறுத்தின. எனினும் அவ்விவாதங்களில் அன்றாட வாழ்வு பெரும்பாலும் உள்ளடக்கம் பற்றிய பிரச்சினையாகவே கொள்ளப்பட்டது. எவரைப் பற்றி எழுதுவது, எவ்வூரைக் களமாகக் கொள்வது என்பனவே முதன்மை பெற்ற வினாக்கள். பேச்சுவழக்குப் பற்றிய வாதத்தை இதற்கு விலக்காகக் கொள்ளலாம். ஏனையவற்றில், அன்றாட வாழ்வு கலைஞனுக்குப் பொருளை மட்டுமன்றி உருவத்தையும் வழங்கவல்லது என்பது போதியளவு ஆராயப்படவில்லை என்றே கூறல் வேண்டும். ஓவியரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலைவரலாறு கற்பித்தவருமான தா. சனாதனனின் நூலொன்றை இந்நோக்கில் அணுகுதல் பயனுடையது. 2011இல் வெளிவந்த அந்நூலின் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனலாம்.

நூலின் அமைப்பு எளிமையானது. போரினால் இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து தம் கையாலேயே வரைகின்றனர். அப்படம் பின்னர் கட்டடக்கலை முறைக்கமைய ஒழுங்கான வரைபடமாக்கப்படுகின்றது. மூன்றாவதாக, ஓவியர் பஸ்ரல் வண்ணக்கட்டியால் வரைந்த சித்திரம் இடம்பெறுகின்றது. இவ்வாறு 80 வீடுகள். நூலும் ஓர் அலுவலகக் கோப்பின் தோற்றத்திலேயே அமைக்கப்பட்டுள்ளது.

தலைப்பிலுள்ள ‘தோம்பு’ என்ற சொல் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த இச்சொல், போர்த்துக்கேயரும் அவர்க்குப்பின் ஒல்லாந்தரும் இலங்கையிற் பேணிய நிலப் பதிவேட்டைக் குறிப்பது. காணியின் பெயர், உடையவர், அளவு என்பவற்றை அரசு தன் வரிதேவைக்காக எழுதிவைத்த ஏடு அது. அதன் தொடர்ச்சியை யாழ்ப்பாணத்து உறுதிகளில் இன்றும் காணலாம். பரப்பும் குழியுமாகக் காணி அளக்கப்படும். 18 குழி ஒரு பரப்பு. நாற்புறத்து எல்லையும் உரைக்கப்படும். கிணற்றிற் பங்கும், அதற்குரிய வழிவாய்க்காலும் தவறாது குறிக்கப்படும். உறுதி எழுதும் நொத்தாரிசுவின் நடையை இலக்கியமென எவருங் கருதுவதில்லை. ஆயினும் அயலவரோடு ஒரு கிணற்றைப் பகிர்ந்து வாழ்ந்த சமுதாயத்தின் உறவுகளை அவ்வறண்ட நடை ஒரு நாவலுக்குக் குறையாத நுணுக்கத்தோடு பேணியுள்ளது. சனாதனன் கண்டுகொண்டது இதனையே எனலாம். அவர் புதியதோர் உருவத்தைக் கற்பிக்கவில்லை. மக்கள் ஏலவே அறிந்த, பெட்டகத்திற் பூட்டிவைத்த, இடப்பெயர்வின்போது முதலிற் கையிலெடுத்த ஓர் உருவத்தையே எடுத்தாள்கின்றார். அரசு எழுதிய ஏட்டை வீட்டுக்குரியவரைக் கொண்டே எழுதுவிப்பதில்தான் அவரது கலைத்துணிவு தங்கியுள்ளது.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஓரிரவிற் புறப்பட்ட மக்களும் தம்மோடு எடுத்துவர இயலாதது வீடு. வீட்டில் வாழும்போது அது அன்றாடம். எவரும் அதனைப் படமாக வரைவதில்லை. வெளியேறிய பின்னரே அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் இடைப்பட்ட தூரம் நினைவுக்குரிய பொருளாகின்றது. நில அளவையாளரின் படத்தில் அளவுத்திட்டம் ஒன்றே. பழகாத கை நினைவிலிருந்து வரையும் படத்தில் அளவுத்திட்டத்தை வகுப்பது வாழ்ந்த முறை. அறையொன்று சுருங்கலாம், முற்றம் விரியலாம். இப்பிழைகளே அவ்வரைவின் உண்மை.

இதனாலேயே இரண்டாந் தாளின் பணி எமக்குச் சிக்கலுடையதாகத் தோன்றுகின்றது. ஒழுங்குபடுத்தப்பட்ட வரைபடம் கோணல்களை நிமிர்த்துகின்றது. எவருடைய வீடாகவும் இருக்கத்தக்க ஒரு வீட்டைத் தருகின்றது. அரச ஏட்டின் பார்வை எத்தகையது என்பதைக் காட்டுதற்கு இந்நிமிர்த்தல் வேண்டுமென வாதிடலாம். அவ்வாதத்தை ஏற்கின்றோம். மூன்றாந் தாளைப் பற்றி அத்துணை எளிதில் அமைதி காண இயலவில்லை. ஓவியரின் தேர்ந்த கை அதிலே தெரிகின்றது. ஆனால் முதற்றாளின் தடுமாறும் கோடு சொல்லிவிட்டதன் பின், தேர்ந்த கோடு கூறுதற்கு எஞ்சியிருப்பது யாது? சிலவிடத்து அது முன்னையதை உரை செய்கின்றதோ என்ற ஐயம் எமக்கு எழுந்தது. நல்ல செய்யுளுக்கு நீண்ட பொழிப்புரை நேர்வதைப் போன்றதே இது.

பிறர் இழப்பைத் தன் கலைக்கு ஊற்றாகக் கொள்ளுதல் முறையோ என்ற வினாவும் இதனோடு தொடர்புடையது. இதனைத் தட்டிக்கழித்தல் நேர்மையன்று. இடம்பெயர்ந்தோரின் கதையைக் கேட்டறிந்து, அதனைத் தன் அனுபவம்போல் எழுதிய கவிதைகளும் கதைகளும் எம்மிடையே பல உள. அவற்றிற் பல நல்லெண்ணத்தால் மட்டுமே நிற்பவை. சனாதனன் அவ்வழியே செல்லாமைக்குக் காரணம் நூலின் ஒழுங்குமுறையே. கேட்டவர் இறுதியில் வருகின்றார். வாழ்ந்தவர் முதலில் வரைகின்றார். ஊற்றென்பது ஓவியர் தனியே நடந்துசென்று பொறுக்கியெடுத்த காட்சியன்று. ஒருவரிடம் ஒரு தாளை நீட்டி, அவர் வரைந்து முடிக்கும்வரை காத்திருந்ததன் விளைவு அது. மூன்றாந் தாள் பற்றிய எமது ஐயம் நீங்காவிடினும், அது மூன்றாவதாகவே வைக்கப்பட்டமையை நாம் மதிக்கின்றோம்.

இந்நூலைப் பார்த்து முடித்தபின், முன்னர் வாழ்ந்த வீடொன்றின் படத்தை நாமும் வரைய முற்பட்டோம். கிணறும் துலாவும் உடனே வந்தன. படலை எந்த ஒழுங்கையை நோக்கியது என்பதை மட்டும் இருமுறை அழித்து வரைய நேர்ந்தது.