செவியின் சாட்சியமும் சரக்கின் மகிமையும்

ஒரு பண்டம் தன் பயன்பாட்டைக் கடந்து பக்திக்குரிய பொருளாக மாறும்போது, அதனை வாங்குவோரின் அறியாமை என்று கூறி ஒதுக்கிவிடுதல் இலகு. முற்போக்காளர் எனப்படுவோருள்ளும் இவ்வாறு ஒதுக்குவோர் உளர். உயர்விலை ஒலிக்கருவிகளின் சில வர்த்தகப் பெயர்களைச் சூழ்ந்து மேலைநாடுகளில் அரை நூற்றாண்டாக நிலவிவரும் ஈடுபாட்டை நாம் அவ்வாறு நோக்க விரும்பவில்லை. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தோன்றிய லின் கம்பனியையும், அதன் 'சொண்டெக் எல்.பி.12' என்னும் இசைத்தட்டுச் சுழற்கருவியையும் இங்கு உதாரணமாகக் கொள்வோம்.

1970களின் தொடக்கத்தில் ஐவர் டீபன்பிரன், தந்தையாரின் பொறியியற் பட்டறையின் துணையுடன் இக்கருவியை வெளிக்கொணர்ந்தார். அமைப்பில் அது முற்றிலும் புதியதன்று. தட்டையும் ஊசிக்கரத்தையும் ஒருங்கே தாங்கும் சட்டத்தைச் சுருள்வில்களிற் தொங்கவிட்டு, மோட்டாரின் அதிர்வைப் பட்டியால் விலக்கும் முறையை எட்கர் வில்ச்சூர் 1961இலேயே அமெரிக்காவில் 60 டொலருக்கும் குறைந்த விலையுள்ள ஒரு கருவியிற் கையாண்டிருந்தார். லின் அதனை நுட்பமான உலோக வேலைப்பாட்டுடன் செய்தது. அதனோடு ஒரு கோட்பாட்டையும் சேர்த்து விற்றது.

ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பது ஒலிபெருக்கியே என்பது அக்காலத்துப் பரவலான கருத்து. லின் இதனைத் தலைகீழாக்கிற்று. தட்டின் சாலிலிருந்து ஊசி எடுக்கத் தவறியதைப் பின்வரும் எந்தக் கருவியும் மீட்டுத் தரமாட்டாது என்றது. இதில் உண்மை உண்டு. மயிரிழையினும் நுண்ணிய அசைவுகளை ஊசி படிக்கையில், மோட்டாரின் அதிர்வும் அச்சின் தளர்வும் அவற்றோடு கலந்துவிடக் கூடியனவே. தரத்தை அறிவதற்கு அது கூறிய சோதனை இன்னும் எளியது: அளவைக் கருவிகளின் எண்களை விடுங்கள், எதிற் கேட்கும்போது மெட்டைப் பின்தொடர்வது சுலபமாக இருக்கிறதோ அதுவே சிறந்தது.

பொறியியல் அறியாத சாதாரண இரசிகனுக்குத் தீர்ப்புக் கூறும் உரிமையை இது அளித்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அத்தீர்ப்பு வழங்கப்பட வேண்டிய இடம் விற்பனையாளரின் அறை. அவ்வறையில் ஒரு சோடி ஒலிபெருக்கிகளே இருக்கலாம் என்பது அக்காலத்து விதியாக இருந்தது. தொங்கும் சட்டத்தைச் சீராக்குவதற்கும் பயிற்சி பெற்ற விற்பனையாளரின் கையே வேண்டும். எண்களிலிருந்து விடுபட்ட செவி ஒரு குருவிடம் சேர்ந்தது. (நூலைப் படிக்குமுன் பதிப்பகத்தின் பெயரைப் பார்த்துத் தலையசைக்கும் நம் இலக்கிய இரசிகர்களுக்கு இது விளங்காத சங்கதியன்று.)

எனினும் இப்பக்தியின் ஆழமான வேர் வேறிடத்தில் இருக்கிறதென்றே நாம் கருதுகிறோம். 1982இல் ஒரு மின்வழங்கி, 1990இல் வேறொன்று, 2020இற் புதியதோர் அச்சுத்தாங்கி என இக்கருவிக்கு உறுப்புகள் வந்தவண்ணம் உள்ளன. தந்தை வாங்கிய கருவியில் மகன் இன்றைய உறுப்பைப் பொருத்திக் கேட்கலாம். வாங்கிய மறு ஆண்டே எறியும்படி பண்டங்கள் செய்யப்படும் சந்தையில் இது சிறிய காரியமன்று. மேலும் லின் தொழிற்சாலையில் ஒரு கருவியை முழுமையாகப் பூட்டுபவர் ஒரே தொழிலாளி; அவருடைய பெயரும் அதனுடன் செல்கிறது. பண்டம் தன்னை ஆக்கிய மனித உழைப்பை மறைக்கிறது என்று மார்க்ஸ் 1867இல் எழுதினார். இங்கோ அவ்வுழைப்பின் முகம் சற்றே தெரிகிறது. அதனை நேசிப்பவனைப் பார்த்து நகைக்க நமக்கு மனமில்லை.

இந்த நியாயமான நேசம், செவிக்கு இல்லாத ஆற்றலைச் செவியின்மேல் ஏற்றும்போதுதான் பிழைக்கிறது. ஒலியை எண்களாக்கும் டிஜிட்டல் முறை இசையைக் கெடுக்கும் எனத் தீவிரமாக வாதிட்டவர் டீபன்பிரன். 1984இல் நடந்த ஒரு சோதனையில், அவர் கேட்ட இசையின் வழியில் சோனி கம்பனியின் டிஜிட்டல் கருவி ஒன்று இணைக்கப்படுவதும் விலக்கப்படுவதுமாக இருந்தது. எப்போது இணைக்கப்பட்டது என்பதை அவரால் நம்பத்தக்கவாறு பிரித்தறிய முடியவில்லை. பின்னர் அதே கம்பனி டிஜிட்டல் தட்டுக் கருவிகளையும் செய்தது. 2009இல் அவற்றையும் கைவிட்டு வலையமைப்பு வழி இசைக்கும் கருவிகளுக்குச் சென்றது. கோட்பாடு மாறியது; பெயர் மீதான பற்று மாறவில்லை.

கலிபோர்னியாவின் மொபைல் பிடெலிட்டி நிறுவனத்தின் கதை இதனினும் கூர்மையானது. மூல நாடாவிலிருந்து டிஜிட்டற் கலப்பின்றி வெட்டப்பட்டவை என இரசிகர் நம்பி வாங்கிய அதன் இசைத்தட்டுகள் பலவற்றில், 2011 முதலே டிஜிட்டற் படி ஒன்று இருந்தமை 2022இல் வெளியாயிற்று. அத்தனை ஆண்டுகளும் அத்தட்டுகளைத் தேர்ந்த செவிகள் போற்றியே வந்தன. வழக்குகள் எழுந்தன. அவ்விரசிகர் கேட்ட இன்பம் பொய்யன்று. அதற்கு அவர்கள் கற்பித்த காரணமே பொய்த்தது.

சீட்டுக்குத் தான் கொடுத்த பணத்தையே இரசிகன் வணங்குகிறான் என்ற கருத்தை அடோர்னோ 1938இல் முன்வைத்தார். அது பாதி உண்மை. நீடிக்கும் பொருளும் பெயருள்ள உழைப்பும் வேண்டுமென்ற ஏக்கத்தை அவருடைய கடுமை காணத் தவறுகிறது. அவ்வேக்கத்தை விலையாக்கும் வித்தை கம்பனிக்கு நன்கு தெரியும். 2023இல் எல்.பி.12இன் ஐம்பதாண்டு நிறைவுக்கென 250 கருவிகள் மட்டும் செய்யப்பட்டன. ஒன்றின் விலை 50,000 பவுண். அவற்றின் விளம்பரத்தில் முன்னின்றது பூட்டிய தொழிலாளியின் பெயரன்று. அப்பிள் கைத்தொலைபேசிகளை வடிவமைத்துப் புகழீட்டிய ஜொனி ஐவின் பெயர்.