அழிந்ததன் கணக்கு

கிட்லேப் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட விபத்து அறிக்கையை அவ்வப்போது எடுத்துப் படிப்பேன். ஜனவரி 31 இரவு, துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸையே அழிக்கக் கட்டளையிட்டுவிட்டார் ஒரு பொறியாளர். ஓரிரு நொடியில் சுதாரித்தார். அதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்? மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் அது சத்தமின்றித் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லவேண்டிய மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் நின்றிருந்தன. (இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கும்.) கைகொடுத்தது, ஆறு மணி நேரம் முன்பு அதே பொறியாளர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்துவைத்த நகல்தான். அறிக்கையில் வசவே இல்லை. மளிகைக்கடைக் கணக்குபோல நேரமும் நடந்ததும் வரிசையாக. என்ன அழகான உரைநடை!