இரட்சணிய யாத்திரிகம்: துன்பமும் நம்பிக்கையும் – ஒரு மதிப்பீடு

இரட்சணிய யாத்திரிகம் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) இயற்றிய கிறித்தவக் காப்பியம். ஜான் பன்யன் ஆங்கிலத்தில் எழுதிய 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்' (1678) என்ற உருவகக் கதையைத் தழுவியது. 3766 பாடல்கள் கொண்டது. பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த 'நற்போதகம்' மாத இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து, 1894 மே மாதத்தில் நூலாயிற்று. இந்நூலால் ஆசிரியர் 'கிறித்தவக் கம்பர்' எனப் போற்றப்பட்டார். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இதன் பகுதி இடம்பெற்றதால் மாணவர்கள் பலருக்கு இந்நூலின் பெயர் தெரியும். ஆனால் முழுக் காப்பியத்தையும் படித்தவர் குறைவு. துன்பத்திலிருந்து நம்பிக்கைக்குச் செல்லும் பாதையை இந்நூல் எப்படிக் காட்டுகிறது, அதில் எவ்வளவு வெற்றி பெறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆசிரியரும் பின்புலமும்

கிருஷ்ண பிள்ளை திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். கம்பராமாயணத்திலும் வைணவப் பனுவல்களிலும் ஊறி வளர்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியபோது கிறித்தவத்தின்பால் ஈர்க்கப்பட்டு, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அன்று மதம் மாறுவது உறவினரின் வருத்தத்தையும் ஊராரின் விலக்கத்தையும் ஏற்பதாகவே இருந்தது. நூல் அச்சேறியபோது அவருக்கு வயது 67. 'வீட்டை விட்டுப் புறப்படுதல்' என்ற உருவகத்தை அவர் வேறொருவர் கதையிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் அந்தப் புறப்பாடு அவருக்கு அயலானது அன்று.

பன்யனுக்கும் அப்படித்தான். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் 12 ஆண்டுகள் கழித்தவர் அவர். துன்பம் என்பதைக் கேள்வி அறிவால் மட்டும் எழுதியவர்கள் அல்லர் இவ்விருவரும்.

அமைப்பு

ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாகக் காப்பியம் பகுக்கப்பட்டுள்ளது. 'பருவம்' என்ற பகுப்பு பாரதத்தை நினைவூட்டுகிறது. 'ஆரணியம்' என்ற சொல் கம்பனைப் படித்தவர் மனத்தில் காட்டையும் சீதையின் பிரிவையும் உடனே எழுப்பும். தமிழ் வாசகருக்கு ஏற்கனவே பழகிய துயர நிலப்பரப்பின் மேல் புதிய பயணியை நடக்க விட்டிருக்கிறார் ஆசிரியர். ஆங்கிலக் கதை உரைநடையில் அமைந்தது. இங்கு அது விருத்தமாகிறது. இடையிடையே வரும் தேவாரப் பாடல்களில் பக்தி மரபின் குரல் கேட்கிறது. கிருஷ்ண பிள்ளையைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதிய பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி அவரைத் தமிழ்ப் பக்தி மரபோடு இணைத்தே நோக்குகிறார். சரணாகதி என்னும் வைணவக் கருத்தை அறிந்தவர்க்கு இந்நூலின் அருள் பற்றிய பேச்சு அந்நியமாகத் தோன்றாது.

சுமை இறங்கிய பின்னும் தொடரும் வழி

கதையின் முதன்மையான உருவகம் முதுகுச் சுமை. அழிவுக்குரிய நகரைவிட்டு ஓடும் பயணி, சேற்றில் விழுந்தெழுந்து, சிலுவையின் முன் வந்து நிற்கும்போது அச்சுமை தானாகக் கழன்று விழுகிறது. இது கதையின் முடிவில் நிகழ்வதில்லை, தொடக்கப் பகுதியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. செங்குத்தான மலை, அரக்கனோடு போர், மரண நிழல் பள்ளத்தாக்கு, மாயச் சந்தை, சந்தேகக் கோட்டை, இறுதியில் பாலம் இல்லாத ஆறு ஆகியவை அதற்குப் பிறகே வருகின்றன.

இந்த வரிசை முக்கியமானது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி போன்ற புறநகர்ச் சபைகளிலும் தமிழகத்தின் பிற இடங்களிலும் 'சாட்சி' சொல்லும் வழக்கம் உண்டு. நோய், கடன், குடி, மரணம் என ஒரு துன்பம், பிறகு ஜெபம், பிறகு விடுதலை. சாட்சி பெரும்பாலும் அங்கே முடிந்துவிடும். கேட்பவர்க்கு அது ஆறுதல் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் விடுதலை கிடைத்த பின் மறுபடி நோய் வந்தவர், ஜெபித்தும் பிள்ளையை இழந்தவர் ஆகியோர் அந்த அமைப்புக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். தங்கள் விசுவாசமே குறைவோ என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்ளவும் கூடும். யாத்திரிகக் கதை அவர்களையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. சுமை இறங்கியவனும் மறுபடி விழுகிறான், அஞ்சுகிறான், சிறைப்படுகிறான்.

பன்யனின் கதையில் இருவேறு இடங்கள் இதை நன்கு உணர்த்துகின்றன. மாயச் சந்தையில் பயணியின் உற்ற தோழன் கொல்லப்படுகிறான். அவன் சாவைக் கண்ட ஒருவன் மனம் மாறிப் புதிய தோழனாக வந்து சேர்கிறான். அவன் பெயரே நம்பிக்கை. இழப்பு ஈடுசெய்யப்படவில்லை, இறந்தவன் திரும்பி வருவதும் இல்லை. ஆயினும் அந்த இழப்பிலிருந்தே நம்பிக்கை பிறக்கிறது.

அடுத்தது சந்தேகக் கோட்டை. கரடுமுரடான வழியை விட்டு மெத்தென்ற புல்வெளியில் இறங்கியதால் இருவரும் அரக்கனிடம் சிக்குகின்றனர். புதன் காலை முதல் சனி இரவு வரை உணவும் வெளிச்சமும் இல்லை. அரக்கன் அவர்களை அடிப்பதோடு நில்லாமல் தற்கொலை செய்துகொள்ளச் சொல்கிறான். பயணி தடுமாற, தோழன் அவனைத் தடுக்கிறான். கடைசியில், கோட்டைப் பூட்டுகளைத் திறக்கும் 'வாக்குத்தத்தம்' என்ற திறவுகோல் முதலிலிருந்தே தன் மார்பில் இருப்பது பயணிக்கு நினைவு வருகிறது. உதவி வெளியிலிருந்து வரவில்லை. மனச்சோர்வில் கிடப்பவர் தம்மிடம் உள்ளதையே மறந்துபோவதும், அவரை உயிரோடு காப்பதற்கு அருகில் ஒருவர் தேவைப்படுவதும் இதைவிடத் தெளிவாகச் சொல்லப்பட்ட இடங்கள் குறைவு.

கிருஷ்ண பிள்ளையின் தனிப் பங்களிப்பு

மூலத்தில் சிலுவை பயணி கடந்து செல்லும் ஓர் இடமே. பன்யன் இயேசுவின் பாடுகளை விரித்துக் கதையாகச் சொல்வதில்லை. கிருஷ்ண பிள்ளை குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, அப்பாடுகளைக் காப்பியத்தின் உணர்ச்சி மையமாக்குகிறார். பாடநூலில் உள்ள பகுதியும் இதுவே. கட்டுண்டு நிற்கும் இயேசுவைக் கயிறு பிணித்திருப்பதாக எண்ண வேண்டாம், பகைத்தவர்கள்மேல் கொண்ட அன்பே அவரைப் பிணித்தது, அதிலிருந்து விலக முடியாமல் ஓர் ஏழையைப் போல் நின்றார் என்பது அங்கே வரும் ஒரு பாடலின் கருத்து.

இங்கு 'ஏழை' என்ற உவமை கவனத்துக்குரியது. பக்திப் பாடல்களில் 'ஏழையேன்' என்று தன்னைச் சொல்லிக்கொள்பவன் அடியவன். அச்சொல்லை இறைமகனுக்கே உரியதாக்குகிறார் கவிஞர். துன்பப்படுபவனுக்கு மேலே நின்று கைநீட்டும் கடவுளைவிட, அவனருகே அதே நிலையில் நிற்கும் கடவுள் இங்கு முன்வருகிறார். மூலத்தில் இல்லாத இந்த ஆறுதலே தழுவலை ஒரு தனி நூலாக்குகிறது.

குறைகள்

முதல் குறை மொழி. வடசொல் மிகுந்த நடையும் நீண்ட உபதேசப் பகுதிகளும் கதையின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. பன்யனின் மக்கள் வழக்குச் சார்ந்த உரைநடையில் இருக்கும் அச்சமும் அவசரமும், அலங்கார வருணனைகளில் பல இடங்களில் தணிந்துவிடுகின்றன. 'மோட்சப் பிரயாணம்' என்ற எளிய உரைநடை மொழிபெயர்ப்பு தமிழ்க் கிறித்தவ வீடுகளில் புழங்கிய அளவுக்குக் காப்பியம் புழங்காததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இரண்டாவது இன்னும் ஆழமானது. இந்நூல் பேசும் துன்பம் பெரிதும் ஆன்மாவின் துன்பம். பாவச் சுமையே பெரிய சுமை. 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கண்ட தலைமுறையின் நூல் இது. ஆயினும் பசியும் சாதி இழிவும் இதன் மையத்துக்கு வருவதில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் பாமா எழுதிய 'கருக்கு' (1992) அந்த இடைவெளியைக் காட்டுகிறது. அங்கே துன்பத்துக்குச் சாதி என்ற பெயர் உண்டு. அது திருச்சபைக்குள்ளும் உண்டு. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய பெண்ணின் புத்துயிர்ப்பு அதில் பேசப்படுகிறது. தமிழ்க் கிறித்தவ அனுபவத்தை முழுமையாக அறிய விரும்புவோர் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும்.

மதிப்பீடு

இக்குறைகளுக்கு அப்பாலும் யாத்திரிகம் நிற்கிறது. கதையின் இறுதி ஆற்றில் பயணி மூழ்கத் தொடங்குகிறான். இத்தனை வழி வந்தவனுக்கும் அச்சம் விடவில்லை. நம்பிக்கை என்ற தோழன் அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்து, காலுக்குக் கீழே தரை தட்டுகிறது என்கிறான். துன்பம் இனி வராது என்ற உறுதியை இக்கதை யாருக்கும் தரவில்லை. வரும்போது தனியே இருக்க மாட்டாய் என்பதையே தருகிறது. கிறித்தவர் அல்லாத வாசகரும் ஏற்கக்கூடியது இது.

புதிதாகப் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் குமார பருவத்தின் இரட்சணிய சரிதப் படலத்திலிருந்து தொடங்குவது நல்லது. அதன்பின் தேவாரப் பாடல்களைப் படித்துவிட்டு முதல் பருவத்துக்குத் திரும்பினால் நடையின் கடினம் ஓரளவு பழகிவிடும்.