ஜஸ்டின் வில்சனின் அடுப்படியும் கேஜன் மக்களின் மனத்தாங்கலும்

சமையல் நிகழ்ச்சியைப் பற்றி எழுத ஒரு சமணனுக்கு என்ன தகுதி என்று மலர்க் குழுவினர் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். வெங்காயம், பூண்டு கூட வீட்டுக்குள் வராத குடும்பம் எங்களுடையது. நான் எழுதப்போகும் சமையற்காரரோ நண்டு, இறால், பன்றி என்று எதையும் விட்டு வைக்காதவர். ஆகவே ருசியைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. அவருடைய பேச்சைப் பற்றியும், அந்தப் பேச்சு எந்த மக்களின் பேரால் பேசப்பட்டதோ அந்த மக்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது பற்றியுமே இந்தக் கட்டுரை.

அவர் பெயர் ஜஸ்டின் வில்சன். அமெரிக்காவின் தென்கோடியில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய லூசியானா மாநிலத்தில் 1914இல் பிறந்து 2001இல் மறைந்தவர். தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரியாகப் பணிபுரிந்தவர். தொழிலாளர்களுக்கு விபத்துத் தடுப்பைப் பற்றிச் சொல்லும்போது தூங்கிவிடாமல் இருக்க நகைச்சுவைக் கதைகள் சொல்ல ஆரம்பித்தார், அதுவே தொழிலாகிவிட்டது. இசைத்தட்டுகள் வந்தன, 1965இல் சமையல் புத்தகம் வந்தது, 1971இல் பக்கத்து மாநிலமான மிசிசிப்பியின் பொதுத் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி தொடங்கியது. பிறகு அமெரிக்கா முழுக்கத் தெரிந்த முகமானார். இடுப்பில் பெல்ட்டும் கட்டியிருப்பார், தோளில் வார்ப்பட்டையும் போட்டிருப்பார். பாதுகாப்பு அதிகாரி அல்லவா, ஒன்று அறுந்தால் இன்னொன்று இருக்கும்!

2015இல் ஹூஸ்டனில் மகன் வீட்டில் நான்கு மாதம் இருந்தபோது இவருடைய பழைய பதிவுகளைப் பார்த்தேன். முதலில் என்னைக் கவர்ந்தது அவர் உப்பு அளக்கும் விதம். உள்ளங்கையில் சும்மா கொட்டிக்கொள்வார். பார்ப்பவர்கள் சந்தேகப்படுவார்கள் என்று தெரிந்து, கையில் இருப்பதை எடுத்து ஒரு தேக்கரண்டியில் கொட்டிக் காட்டுவார். தலைதட்டிச் சரியாக இருக்கும். நாற்பது வருஷம் தராசோடு பழகியவன் நான். அட, இந்த மனுஷன் வேஷக்காரன் இல்லை, தொழில் தெரிந்தவன் என்று அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. எந்த உணவுக்கு எந்த ஒயின் பொருத்தம் என்று கேட்டால், உனக்கு எது பிடிக்குமோ அதுதான் என்பார். ஒயினை நான் தொட்டதில்லை. ஆனால் அந்தப் பதிலில் இருந்த ஜம்பமில்லாத தன்மை பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு பொறியாளர் இருந்தார். லூசியானாவின் லஃபயெட் நகரத்துக்காரர், கேஜன் இனத்தவர். உங்கள் ஊர்க்காரரைப் பார்த்தேன், பிரமாதம் என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை" என்றார், அவ்வளவுதான். அதே வீட்டில் எண்பதைத் தாண்டிய அவருடைய தாயார் இருந்தார். அந்த அம்மாளுக்கோ வில்சன் என்றால் உயிர். ஒரே கூரையின் கீழ் இப்படி இரண்டு கட்சி இருப்பதைப் பார்த்த பிறகுதான் நூலகத்துக்குப் போய்ப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, லூசியானா முழுக்கவே இப்படி இரண்டு கட்சியாகத்தான் இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

கேஜன் என்பவர்கள் யார் என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதிக்கு முன்பு அக்காடி என்று பெயர். அங்கே 17ஆம் நூற்றாண்டில் குடியேறிய பிரெஞ்சு உழவர்கள் 'அக்காடியன்' எனப்பட்டார்கள். முதல் எழுத்து தேய்ந்து 'காடியன்' ஆகி, ஆங்கில நாக்கில் 'கேஜன்' ஆயிற்று. பிரிட்டிஷ் அரசுக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய மாட்டோம் என்று அவர்கள் மறுத்ததால், 1755 முதல் கப்பல் கப்பலாக நாடு கடத்தினார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் வீடு நிலம் எல்லாம் இழந்து சிதறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1760களிலிருந்து லூசியானாவுக்கு வந்தார்கள்; 1785இல் மட்டும் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர் வந்து சேர்ந்தார்கள். சதுப்பு நிலம், மீன்பிடி, நெல், கரும்பு என்று வாழ்க்கையை மறுபடி கட்டினார்கள். மொழி மட்டும் பிரெஞ்சாகவே இருந்தது.

அந்த மொழிக்குத்தான் பிறகு ஆபத்து வந்தது. 1921இல் லூசியானா மாநிலம் தன் அரசியல் சட்டத்திலேயே பள்ளிகளில் ஆங்கிலம்தான் என்று எழுதிவிட்டது. பிரெஞ்சு பேசிய குழந்தைகளைப் பள்ளியில் தண்டித்தார்கள். பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேச மாட்டேன் என்று நூறு தடவை, இருநூறு தடவை எழுத வைத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாளும் அப்படி எழுதியவர்தான். ஒன்றாம் வகுப்பில் ஆங்கிலத்தில் அனுமதி கேட்கத் தெரியாமல் பாவாடையை நனைத்துக்கொண்டதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மகன் சிரிக்கவில்லை. தன் பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்று அந்த அம்மாள் வீட்டில் ஆங்கிலமே பேசினார். விளைவு, மகனுக்குப் பிரெஞ்சு தெரியாது.

இப்போது வில்சனிடம் வருவோம். அவர் நிகழ்ச்சியின் சிரிப்பு முழுவதும் ஆங்கிலத்தை உடைத்துப் பேசுவதில்தான் இருக்கிறது. 'காரன்டி' என்பதை மூக்கால் இழுத்து அழுத்தம் மாற்றிச் சொல்வார். அவர் அடையாளமே அந்தச் சொல்தான். 'தட்' என்பது 'டாட்' ஆகும், சொற்கள் இடம் மாறும். பிரெஞ்சு நாக்குக்கு ஆங்கிலத்தின் சில ஒலிகள் வராது என்பது உண்மை. ஆனால் வில்சன் பேசியது அந்த நாக்கின் பேச்சு அல்ல. அதைப் பெரிதாக்கி மேடைக்கென்று வளர்த்த பேச்சு. அவர் பிறந்த ரோஸ்லாண்ட், கேஜன் மக்கள் வாழும் வட்டாரத்திலேயே இல்லை. 1971இல் லூசியானா சட்டமன்றம் 22 மாவட்டங்களைச் சேர்த்து 'அக்காடியானா' என்று பெயரிட்டதே, அந்த எல்லைக்கு வெளியே கிழக்கில் இருக்கிறது. தந்தை மாநில வேளாண்மைத் துறையின் ஆணையராகப் பல்லாண்டு இருந்த அரசியல்வாதி. தாய்வழியில்தான் பிரெஞ்சு இரத்தம். வில்சனே தன்னைப் 'பாதிக் கேஜன்' என்றுதான் சொல்லிக்கொண்டார், மறைக்கவில்லை.

இந்தப் 'பாதி' என்பதைப் பிடித்துக்கொண்டு அவரை அடித்தவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த ஊரில் என்னைப் பார்த்து, "ஜெயின் என்கிறீர்கள், மதராசி என்கிறீர்கள், இரண்டில் எது?" என்று கேட்காத வியாபாரி கிடையாது. இரண்டாயிரம் வருஷமாகத் தமிழ் பேசும் சமணர் உண்டு என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. யார் முழு, யார் பாதி என்று அளக்க ஆரம்பித்தால் அந்த அளவுகோல் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். வில்சன் மேல் என் குறை வேறு.

அவர் காட்டிய கேஜனுக்குத் தப்பான ஆங்கிலம் இருக்கிறது. சரியான பிரெஞ்சு இல்லை. குறை அதுதான். தன் மொழியில் கதை சொன்னால் ஊரையே மடக்கக்கூடிய ஒரு கிழவி, அயல்மொழியில் தடுமாறும் அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் படம் பிடித்து, இதுதான் அவள் என்று காட்டினால் எப்படி? அதுவும் அந்தத் தடுமாற்றம் பிரம்படியால் வந்தது. நியூயார்க்கில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அடிபட்ட கதை தெரியாது. தப்பாகப் பேசுகிற, சாப்பாட்டு ராமனான, வெள்ளந்தியான ஒரு ஜனம் என்றுதான் தெரியும்.

நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 1968இல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் செய்த பாட்டு வாத்தியார் பிள்ளை வேஷம் ஞாபகம் இருக்கிறதா? வடக்கே வந்து குடியேறிய நாம் எத்தனை வருஷம் அந்த "ஐயய்யோ"வைக் கேட்டோம்! மெஹ்மூத் பெரிய கலைஞர், சந்தேகமில்லை. நானும் தியேட்டரில் சிரித்தவன்தான். மறுநாள் கடையில் ஒரு வாடிக்கையாளர் அதே குரலில் என்னை "ஐயய்யோ" என்று அழைத்தபோது சிரிப்பு வரவில்லை.

கேஜன் மக்களிடையே 1960களின் கடைசியில் ஒரு விழிப்பு வந்தது. 1968இல் லஃபயெட் வழக்கறிஞர் ஜேம்ஸ் டொமென்ஜோ முயற்சியால் பிரெஞ்சை மீட்க 'கோடோஃபில்' என்ற அரசு அமைப்பு உண்டாயிற்று. 1974இல் லஃபயெட்டில் கேஜன் இசைக்குப் பெரிய விழா எடுத்தார்கள். 1980இல், மேலதிகாரி இழிசொல்லால் அழைத்தார் என்று ஒரு கேஜன் ஊழியர் தொடுத்த வழக்கில், கேஜன் மக்களும் சட்டப் பாதுகாப்புக்குரிய தனி இனத்தவரே என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மானத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு நடந்த அதே வருஷங்களில்தான் வில்சன் வீடு வீடாகத் தொலைக்காட்சியில் நுழைந்தார். படித்தவர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் படித்தவர்கள் கட்சியிலும் ஒரு கோணல் இருந்தது. கோடோஃபில் பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் கியூபெக்கிலிருந்தும் ஆசிரியர்களைத் தருவித்தது. அவர்கள் சொல்லிக் கொடுத்த பிரெஞ்சு பாட்டிக்குப் புரியவில்லை. பாட்டியின் பிரெஞ்சு அவர்களுக்குக் கொச்சையாகப் பட்டது. ஜேம்ஸ் ஃபாக் என்ற பள்ளி ஆசிரியர் 1977இல் ஊர்ப் பேச்சுப் பிரெஞ்சுக்கே ஒரு பாடநூல் எழுதினார். அதை எதிர்த்தவர் வேறு யாருமில்லை, டொமென்ஜோதான். அதாவது, வில்சன் அந்தப் பாட்டியின் ஆங்கிலத்தைக் கேலி செய்தார் என்றால், இவர்கள் அவள் பிரெஞ்சைத் திருத்தப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்தப் பாட்டி, சிரிக்க வைக்கிறவன் பக்கம் போய் உட்கார்ந்தால் குற்றம் சொல்ல முடியுமா? பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஏன் வில்சனைப் பிடிக்கிறது என்று கேட்டேன். "எங்கள் சாப்பாட்டைத் தொலைக்காட்சியில் யாராவது மரியாதையாகச் சமைத்து நான் பார்த்ததே இல்லை" என்றார். பேச்சைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை.

அதை மறுக்க முடியாது. மாவை எண்ணெயில் கருகாமல் செம்பழுப்பாக வறுக்கும் 'ரூ' என்ற பக்குவத்தை அவசரப்படாமல் வறுத்துக் காட்டுகிறார். அதில் உருவாகும் 'கம்போ' என்ற குழம்பின் பெயரே ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் நம் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அதைக் கெட்டியாக்கச் சிலர் போடும் இலைப்பொடி செவ்விந்தியர் கொடுத்தது. ஒரு சட்டியில் மூன்று கண்டத்துச் சரித்திரம்.

இன்னொரு விஷயம். 1979இல் நியூ ஆர்லியன்சில் உணவகம் திறந்து உலகப் புகழ் பெற்ற பால் புரூடோம் முழுக் கேஜன். ஒப்பலூசாஸ் பக்கத்து உழவர் வீட்டில் பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. அவர் பேரைச் சொல்லும் கருக்கிய மீன் பாட்டி காலத்துப் பதார்த்தம் அல்ல, அவரே கண்டுபிடித்தது. அந்த மீனுக்கு வந்த கிராக்கியில் வளைகுடாவில் வணிகத்துக்காக அதைப் பிடிப்பதையே தடுக்க வேண்டி வந்தது. ஆனாலும் அவரைப் பார்த்து, எங்களை அவமானப்படுத்திவிட்டான் என்று யாரும் பெரிதாகக் கொதிக்கவில்லை. பாட்டி சமைக்காததைச் சமைத்தவருக்கு மாலை போட்டார்கள். பாட்டி சமைத்ததையே சமைத்த வில்சனோடுதான் சண்டை. ஆக, சண்டை அடுப்பைப் பற்றியதே இல்லை, நாக்கைப் பற்றியது. வில்சன் அதே சமையலைச் சாதாரணமாகப் பேசிச் செய்திருந்தால் இத்தனை மனத்தாங்கல் வந்திருக்காது. இத்தனை புகழும் வந்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேஜன் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் வேறு இடத்தில் தேட வேண்டும். மாமூ என்ற சிற்றூரில் ஃபிரெட் என்பவரின் மதுக்கடையிலிருந்து சனிக்கிழமை காலைகளில் ரெவன் ரீட் பிரெஞ்சிலேயே வானொலி நிகழ்ச்சி நடத்தினார். பாட்டும் கேலியும் அவர்கள் நாக்கிலேயே. லஃபயெட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரி ஆன்ஸ்லே ஊர் ஊராகப் போய்க் கேட்டுப் பதிவு செய்த கதைகள் 1994இல் பிரெஞ்சும் ஆங்கிலமுமாக நூலாக வந்தன. அதில் ஏமாற்றும் முயல் உண்டு, ஏமாறும் 'பூக்கி' உண்டு. பூக்கி என்பது செனகல் நாட்டு வோலோஃப் மொழியில் கழுதைப்புலியாம்! லூசியானாவில் கழுதைப்புலியே கிடையாது. பெயர் மட்டும் கப்பலில் வந்திருக்கிறது. அந்தக் கதைகளில் முட்டாள்களும் வருகிறார்கள், ஆனால் சொல்லுகிறவர் முட்டாள் இல்லை. பக்கத்து வீட்டு மகனுக்கு அந்த நூலைக் காட்டினேன். அவர் ஆங்கிலப் பக்கத்தைப் படிக்க, தாயார் எதிர்ப்பக்கத்துப் பிரெஞ்சை எழுத்துக் கூட்டிப் படித்து, இரண்டு இடத்தில் "எங்கள் ஊரில் இதை வேறு மாதிரி சொல்வோம்" என்று திருத்தினார். நம் சங்க நூலகத்துக்கும் ஒரு பிரதி வாங்கச் சொல்லிச் செயலாளரிடம் பணம் கொடுத்திருக்கிறேன்.